பதினோராம் பக்கத்தில் நான் கொன்ற இன்ஜின்

டாட்மார்டன்,
செவ்வாய்க்கிழமை, 25 மே 2004.

நம் கிட் கார் சங்கத்தின் இதழான ‘ஸ்பேனரும் டீயும்’ ஆசிரியர், மதிப்பிற்குரிய திருமதி வினிஃப்ரெட் கிரீன்வுட் அம்மையாருக்கு, உறுப்பினர் நாரிஸ் ஆக்டன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி டோரீனும் சுகம். தங்கள் சுகத்தையும், தங்கள் கணவருடைய முழங்காலின் சுகத்தையும், நரிக்குத் தப்பிய மூன்று கோழிகளின் சுகத்தையும் அறிய ஆவல். இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்களுக்கும் இதே மேகம்தான் என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு எழுதவில்லை.

இது ஒரு திருத்தக் கடிதம். ஜூன் இதழ் இந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று அறிகிறேன். இந்தக் கடிதம் அந்த இதழில், பதினோராம் பக்கத்தில், ஜனவரி இதழில் என் முந்தைய கடிதம் வந்த அதே அளவு எழுத்தில் வந்தாக வேண்டும். பத்தாம் பக்கமோ பன்னிரண்டாம் பக்கமோ உதவாது. வராமல் போனால், ஜூன் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை நடக்கவிருக்கும் என் மனைவியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவளுடைய ஒரே அண்ணன் லெஸ்லி ஹார்கிரீவ்ஸ் வரமாட்டார். அவர் வராவிட்டால் பிறந்தநாளே வேண்டாம் என்று டோரீன் சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டு வருஷ மணவாழ்க்கையில் அவள் எதையுமே வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னதில்லை. இதை இரண்டு முறை சொன்னாள்.

ஜனவரி இதழில் வந்த என் கடிதத்துக்கு நான் வைத்திருந்த தலைப்பு ‘எண்ணெய் அழுத்தம் காட்டாத இன்ஜின்கள்: ஓர் அனுபவம்’ என்பது. தாங்கள் அதை எடுத்துவிட்டு ‘மைத்துனர் தந்த பிணம்’ என்று போட்டீர்கள். வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நானே இரண்டு முறை படித்துச் சிரித்தேன். ஆனால் அந்த மைத்துனரும் நம் சங்கத்தின் உறுப்பினர், அவருக்கும் இதழ் தபாலில் போகிறது என்பது தங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதில் பாதிக் குற்றம் என்னுடையது என்றுதான் எழுத நினைத்தேன். டோரீன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து முக்கால் என்று போடச் சொல்கிறாள். முக்கால் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்கு விளங்கும். நான் தண்ணீர் வாரியத்தின் பம்ப் நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணிக்கு ஒரு முறை எல்லா கேஜ்களையும் சுற்றிப் பார்த்து, முள் காட்டிய எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. முள் காட்டாத எண்ணை நான் ஒரு நாளும் எழுதியதில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே பச்சை நிற இரண்டு இருக்கைக் கார் ஒன்றைப் பதினேழு அட்டைப்பெட்டிகளில் கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக வாங்கி வந்து காரேஜில் பூட்ட ஆரம்பித்தேன். பெட்டிகளில் எல்லாம் இருந்தன, இன்ஜின் மட்டும் நம் பாடு. அப்போதுதான் லெஸ்லி தன் நீல சலூன் காரை உடைக்கப் போட்டார். உடம்பு முழுக்கத் துருவேறிப் போயிருந்தாலும் இன்ஜினை அவர் கண்ணில் வைத்துக் காப்பாற்றியவர். மனைவியை இழந்த மனிதர். பேக்கப் ஊரில் தனியாக இருக்கிறார். அந்த இன்ஜினுக்குப் பதினெட்டு வருஷத்தில் எப்போதெல்லாம் எண்ணெய் மாற்றினார் என்று தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருக்கிறார். டோரீன் ஒரு வார்த்தை கேட்டதும், மறுபேச்சில்லாமல் அதைக் கழற்றிக் கழுவித் துடைத்து, பழைய போர்வையில் சுற்றி, வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். “நல்லா வச்சுக்க மாப்ள. இத நான் ஒரு நாளும் பட்டினி போட்டதில்ல” என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார் என்று டோரீன் பிறகு சொன்னாள். நான் அப்போது இன்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிட்டோடு நான்கு கேஜ்கள் வந்தன. நான் ஏழு வைத்தேன். இன்ஜினில் எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு, எண்ணெயின் சூடு எவ்வளவு, தண்ணீரின் சூடு எவ்வளவு என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகச் சாலையில் போவான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. டோரீன் காரேஜ் வாசலில் நின்று டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, “ஓட்டுறதுக்குக் கார் கட்டுறியா, உக்காந்து முள்ளு பாக்குறதுக்கா?” என்றாள். இரண்டுக்கும்தான் என்றேன். “அப்போ ரோட்ட யாரு பாப்பா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒவ்வொரு கேஜுக்கும் இன்ஜினில் ஒரு சென்சார் பொருத்த வேண்டும். லெஸ்லியின் இன்ஜினில் எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரே ஒரு துளைதான் இருந்தது, அதில் எச்சரிக்கை விளக்குக்கான குட்டி சுவிட்ச் உட்கார்ந்திருந்தது. நான் ஒரு பித்தளை மும்முனை இணைப்பு வாங்கி, ஒரு முனையை இன்ஜினிலும், ஒரு முனையில் சுவிட்சையும், ஒரு முனையில் சென்சாரையும் முறுக்கினேன். முறுக்குவதற்கு முன்னால், மரை உள்ள இடத்தில் எல்லாம், தண்ணீர் வாரியத்துக்காரன் எவனும் தூக்கத்தில்கூடச் செய்வதைச் செய்தேன். குழாய்க் கசிவை அடைக்கும் வெள்ளை டேப்பை வலப்பக்கமாக ஏழு சுற்றுச் சுற்றி, நகத்தால் நீவி, அதற்கப்புறம் முறுக்கினேன். முப்பத்து நான்கு வருஷத்தில் என் கை போட்ட இணைப்பில் ஒரு சொட்டு கசிந்ததில்லை. இங்கும் கசியவில்லை. அதைப் படம் பிடித்துக்கூட வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் அனுப்புகிறேன்.

எண்ணெய்ச் சூட்டு சென்சாரை எண்ணெய்த் தொட்டியின் அடைப்பு இருந்த இடத்தில் பொருத்தினேன். மரை அளவு ஒரு நூல் வித்தியாசம். டேப்பைப் பதினான்கு சுற்று சுற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சென்சார் தரையில் கிடந்தது, நான்கு லிட்டர் எண்ணெயும் வாசல் வழியாகத் தெருவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை அதன் நடுவில் அமர்ந்து தன்னை நக்கிச் சுத்தம் செய்ய முயன்று கறுப்பாகிக்கொண்டிருந்தது. அந்தப் பூனையை நானும் டோரீனும் பாத்திரம் கழுவும் சோப்பில் மூன்று முறை குளிப்பாட்டிக் கொடுத்தோம். அது இன்றைக்கும் இளம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. பெட்ரோல் கேஜின் கதை வேறு. அதன் சென்சாரும் கேஜும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு நாட்டு அளவுகள் என்பது எனக்குத் தெரியாது. ஊற்ற ஊற்ற முள் ‘காலி’ பக்கம் இறங்கியது. குளத்தில் மட்டம் இறங்கினால் நீரை ஏற்று என்பதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பெட்ரோல் பொங்கி வழியும்வரை ஏற்றிக்கொண்டே இருந்தேன். டோரீனின் ஹைட்ரேஞ்சியாச் செடி அதோடு போயிற்று. இவை அதிகப்படியான விவரங்கள் என்று தோன்றினால் நீக்கிவிடலாம், பூனைக்காரர் நம் இதழைப் படிப்பதில்லை.

டிசம்பர் முதல் வாரம் இன்ஜினை முதன்முறையாக இயக்கினேன். ஒரே சாவித் திருப்பலில் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு டோரீன் கை தட்டினாள். நான் தட்டவில்லை. எண்ணெய் அழுத்த முள் பூஜ்யத்தில் கிடந்தது. அழுத்தம் இல்லாமல் இன்ஜின் ஓடினால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி நிமிஷத்தில் நாசமாகிவிடும் என்று தங்களுக்குத் தெரியும். உடனே அணைத்தேன். மறுநாள் கேஜை மாற்றினேன், பூஜ்யம். சென்சாரை மாற்றினேன், பூஜ்யம். அதற்கும் வெள்ளை டேப் ஏழு சுற்று. எண்ணெயை மாற்றினேன், வடிகட்டியை மாற்றினேன், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி எண்ணெய் பம்பையே புதிதாகப் போட்டேன், பூஜ்யம். ஒவ்வொரு முறையும் முப்பது விநாடிக்கு மேல் ஓடவிடக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டு, டோரீன் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த முப்பது விநாடிக்குள் தண்ணீரும் சூடாகாது, எண்ணெயும் சூடாகாது என்பதால் மற்ற இரண்டு முட்களும் அசையாமல் கிடந்தது எனக்கு உறைக்கவில்லை.

எச்சரிக்கை விளக்கும் அணையாமல் எரிந்துகொண்டிருந்ததா என்று டோரீன் கேட்டாள். அது எரியவே இல்லை. “எரியலேன்னா அழுத்தம் இருக்குன்னுதானே அர்த்தம்? எங்க அண்ணன் கார்ல அப்பிடித்தான்” என்றாள். எட்டு பென்னி பல்பையா நம்புவாய், முள்ளை நம்ப மாட்டாயா என்று கேட்டேன். இதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் திருத்தம் என்றால் முழுசாக இருக்க வேண்டும்.

ஆக, முள் பூஜ்யம் காட்டுகிறது, எனவே இன்ஜின் செத்துவிட்டது, எனவே லெஸ்லி பதினெட்டு வருஷம் எண்ணெய் மாற்றியதாகச் சொன்னது சும்மா என்று முடிவு கட்டித் தங்களுக்கு எழுதினேன். ஜனவரி மாதக் கூட்டத்தில், ‘கறுப்பு ஆடு’ மதுக்கடையின் பின்னறையில், செயலாளர் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லெஸ்லி மூலையில் உட்கார்ந்திருந்ததை நான் கடைசிப் பத்தியில்தான் பார்த்தேன். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, பாதி பியரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். லெஸ்லி பாதி பியரை வைத்துவிட்டுப் போனார் என்றால் அவரைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

ஈஸ்டருக்கு அவர் வரவில்லை. வருஷா வருஷம் அன்றைக்கு ஆட்டுத் தொடையை அறுப்பது அவர்தான். டோரீன் பழக்கத்தில் மேஜையில் மூன்று தட்டு வைத்துவிட்டாள். அப்புறம் ஒன்றை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது, துடைக்கவே தேவையில்லை. நான் ஆட்டுக்கறியைக் கன்னாபின்னாவென்று அறுத்தேன். அப்போதும் முள் பூஜ்யம் காட்டுகிறதே, நான் என்ன செய்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இந்த மாதம் எட்டாம் தேதி. கடைசியாக ஒரு முறை இயக்கிப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவது என்று தீர்மானித்து, சாவியைத் திருப்பிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டோரீன் உள்ளே கேக் பரிமாறிக்கொண்டிருந்தவள், டீ ஆறிப்போகிறது என்று சொல்ல, கையில் இருந்த தட்டையான உலோகக் கரண்டியோடு வந்தாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை. அவள் குனிந்து இன்ஜின் பக்கவாட்டைப் பார்த்தாள். “இதென்ன, அடிபட்ட விரல் மாதிரி வெள்ளையா கட்டுப் போட்டு வச்சிருக்க?” என்று கரண்டியால் சுட்டினாள். கரண்டியின் நுனி பித்தளை இணைப்பில் பட்டது, நடுப்பகுதி இன்ஜின் மேலே சாய்ந்தது. முள் துள்ளி ஐம்பத்தைந்துக்குப் போய் நின்றது.

நான் கத்தினேன். அவள் பயந்து கரண்டியை எடுத்துவிட்டாள். முள் விழுந்தது.

“வை! மறுபடி வை!”

“எத வைக்கச் சொல்ற?”

“கரண்டிய! தொட்ட எடத்துலயே தொடு!”

“கேக் கரண்டிய இதுல வைக்கவா? எங்க அம்மா குடுத்தது நாரிஸ் இது!”

வைத்தாள். ஐம்பத்தைந்து. எடுத்தாள். பூஜ்யம். வைத்தாள். ஐம்பத்தைந்து. முட்டைக் கடிகாரத்தை யாரும் பிடித்திருக்கவில்லை, எனவே எத்தனை விநாடி என்று என்னால் பதிய முடியவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். புதிய உறுப்பினர்களுக்கு: இந்த வகை சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர்தான் உண்டு. அதன் எர்த், மரை வழியாக, உலோகம் உலோகத்தைத் தொட்டு, இன்ஜினுக்குப் போக வேண்டும். நான் அந்த மரையைச் சொட்டு நீர் போகாதபடி சுற்றியதில் மின்சாரமும் போகவில்லை. எச்சரிக்கை சுவிட்சுக்கும் அதே கதி. அதனால்தான் பல்பு ஒரு முறைகூட எரியவில்லை. அதுவும் எதையும் சொல்லவில்லை, முள்ளும் எதையும் சொல்லவில்லை, சொன்னவன் நான்தான்.

டோரீன் கரண்டியை ஏப்ரனில் துடைத்தாள். “அப்போ எங்க அண்ணனோட இன்ஜின் நல்லாத்தான் இருந்திருக்கு” என்றாள். ஆமாம் என்றேன். “அஞ்சு மாசமா நல்லாத்தான் இருந்திருக்கு.” ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். டீ ஆறித்தான் போயிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தெரியவில்லை.

அன்று மாலையே டேப்பை எல்லாம் உரித்து, மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சென்சார்களை வெறும் மரையில் முறுக்கினேன். பிறகு லெஸ்லிக்குப் போன் போட்டேன். “யாரு, நாரிஸா? பிணம் போன்ல பேசுமா மாப்ள?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து பேக்கப் போனேன். லெஸ்லி பந்து உருட்டி ஆடும் புல்தரையில் மழைக்கோட்டோடு நின்று பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “மச்சான், தப்பு என்னோடதுதான்” என்றேன்.

“என்ன தப்பு?”

“மரையில டேப் சுத்திட்டேன்.”

“இன்ஜின்ல பைப் வேல பாத்தியா?” என்று அவர் பக்கத்தில் நின்ற நாலு பேரையும் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அச்சுல சொன்ன, சங்கமே சிரிச்சுது. இப்ப வேலியோரமா வந்து என் காதுல மட்டும் சொல்றியே. நூத்து நாப்பது பேரு படிச்சிருக்கான். ஒவ்வொருத்தன் காதுக்கும் போவியா?”

“என்ன செய்யணும், சொல்லு.”

“அதே பக்கத்துல வரணும். அதே எழுத்துல வரணும். எண்ணெ மாத்துன தேதி பூராவும் வரணும். நம்ம டோரீன் பொறந்தநாளுக்கு மின்னாடி வரணும். வந்தா வர்றேன். வரலேன்னா அவளுக்குக் கார்டு அனுப்பிருவேன்.” பிறகு பந்தை உருட்டினார். அது சரியாகப் போய் இலக்கான சிறு பந்தை முத்தமிட்டு நின்றது. நானும் கை தட்டினேன். அவர் திரும்பவே இல்லை.

தேதிகள் மொத்தம் எழுபத்திரண்டு. அத்தனையும் போட்டால் தங்களுக்குப் பக்கம் போதாது என்று டோரீன் மூலமாக மன்றாடி, ‘பதினெட்டு ஆண்டுகளும் தவறாமல்’ என்று போட்டால் போதும் என்று லெஸ்லியை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். ‘தவறாமல்’ என்பது தடித்த எழுத்தில் வேண்டுமாம்.

எனவே இதனால் சகல உறுப்பினர்களுக்கும் தெரிவிப்பது: ஜனவரி இதழில் நான் பிணம் என்று குறிப்பிட்ட இன்ஜின் பிணம் அல்ல. பேக்கப் திரு. லெஸ்லி ஹார்கிரீவ்ஸ் அவர்கள் பதினெட்டு ஆண்டுகளும் தவறாமல் எண்ணெய் மாற்றிப் பராமரித்த அருமையான இன்ஜின் அது. குளிர்ந்த நிலையில் அதன் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஐம்பத்தைந்து பவுண்டு. குறை இன்ஜினில் இல்லை, அதற்கு சென்சார் பொருத்தியவனிடம் இருந்தது. அவரைச் சங்கத்தின் முன்னால் சிரிப்புக்கு ஆளாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குத் தலைப்பு ‘திருத்தம்’ என்று மட்டும் இருக்கட்டும். தங்கள் கற்பனைக்கு இந்த ஒரு முறை ஓய்வு கொடுக்குமாறு வேண்டுகிறேன்.

தங்கள் கணவரின் முழங்கால் கோடைக்குள் மடங்கி நிமிர்ந்து கிளட்சை மிதிக்கட்டும். மிச்சமுள்ள மூன்று கோழிகளும் நீண்ட நாள் முட்டையிட்டு வாழட்டும். சங்கமும் இதழும் தழைக்கட்டும். டோரீனும் தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறாள்.

தங்கள் பணிவுள்ள,
நாரிஸ் ஆக்டன்.

பின்குறிப்பு. புதன்கிழமை மாலை. இது தங்கள் கண்ணுக்கு மட்டும், அச்சுக்கு அல்ல. நேற்றே இதைத் தபாலில் போட்டிருப்பேன். உறையை ஒட்டும்போது உறுத்தியது. குளிர்ந்த நிலையின் எண் மட்டும் இருக்கிறது, சூடான நிலையின் எண் இல்லை. எங்கள் பம்ப் நிலையத்தில் இப்படி ஒரு பதிவை மேலதிகாரி முகத்திலேயே எறிவார். எனவே இன்றைக்கு, முப்பது விநாடிக் கணக்கை எல்லாம் விட்டுவிட்டு, முதன்முறையாக நாற்பது நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டேன். தண்ணீர் முள் ஏறியது. எண்ணெய்ச் சூட்டு முள் ஏறியது. அழுத்த முள் இறங்கியது. ஐம்பத்தைந்து, நாற்பது, இருபத்தைந்து, பத்து. நல்ல இன்ஜின் பாதி வழியிலேயே நின்றிருக்கும், இது ஐந்தில் வந்து படுத்துக்கொண்டது. எர்த் போகவில்லையோ என்று தனி ஒயர் போட்டுப் பார்த்தேன். ஐந்து. நான் ஓய்வு பெற்றபோது வாரியம் கொடுத்த பித்தளை கேஜ் சுவரில் இருக்கிறது. அதற்கு ஒயரும் இல்லை, எர்த்தும் இல்லை, வெறும் குழாய்தான். அதைக் கழற்றி எடுத்து வந்து முறுக்கினேன். ஐந்து. அதற்குள் அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தமும் கேட்க ஆரம்பித்தது. பம்ப் மாற்றியபோது நான் அதற்கு மேலே பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே பேரிங் எல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. இது ஐந்து மாதத்தில் வருகிற தேய்மானம் இல்லை. அம்மையீர், ஜனவரியில் நான் எழுதியது தப்பான காரணத்துக்காக எழுதிய சரியான செய்தி.

நான் காரில் உட்கார்ந்திருக்கும்போதே டோரீன் வாசலுக்கு வந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டுக் கடிதம் எழுதியாயிற்று என்று சொல்லியிருக்கிறாள். “இன்ஜின் நல்லாருக்குன்னு நீ எழுதிட்டேன்னு சொன்னதும் போன்லயே மூக்கச் சிந்துற சத்தம். ஜலதோஷமாம். நீல சட்டைய தேய்ச்சு வைக்கிறாராம், இன்னும் பதினேழு நாள் இருக்கு!” என்றாள். அவள் முகத்தை நான் ஜனவரிக்கு அப்புறம் அப்படிப் பார்த்ததில்லை. டக் டக் சத்தத்தைக் கேட்டு, “நல்லாத்தானே ஓடுது?” என்றாள். நல்லா ஓடுது என்றேன்.

பிறந்தநாள் அன்றைக்கு லெஸ்லி காரில் ஏறி உட்காரத்தான் செய்வார். மேட்டுத் தேவாலயம் வரைக்கும் போய், இன்ஜின் சூடாகும் முன்னால் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

எனவே மேலே உள்ள கடிதத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டுவிடுங்கள். ஐம்பத்தைந்து பவுண்டு என்ற வரிக்குப் பக்கத்தில், சூடான நிலையின் அழுத்தத்தையும் சேர்த்துவிடுங்கள். நாற்பது என்று போடுங்கள். இல்லை, லெஸ்லிக்கு இதெல்லாம் தெரியும், நாற்பது போதாது என்பார். நாற்பத்தைந்து என்று போட்டுவிடுங்கள்.